கடைமடை நரம்பு

செருப்பு கழன்று போயிருக்கும்; ஆள் பத்தடி முன்னால் போயிருப்பார். பின்னால் வருகிறவர் "ஐயா, செருப்பை விட்டுட்டுப் போறீங்களே" என்று கூப்பிட்ட பிறகுதான் பெரியவர் குனிந்து காலைப் பார்ப்பார். வீட்டில் இதைச் சொன்னால், "வயசாயிடுச்சு, ஞாபகம் இல்லை" என்று பேச்சு முடிந்துவிடும். உண்மையில் ஞாபகத்துக்கு இதில் வேலையே இல்லை. செருப்பு காலில் இருக்கிறதா என்று யாரும் நினைத்துக்கொண்டே நடப்பதில்லை. பாதத்தின் தோல் அதை நொடிக்கு நொடி மூளைக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறது. அந்தச் சேதி நின்றுவிட்டது என்பதற்கான அடையாளம்தான் கழன்ற செருப்பு. "செருப்பு நழுவிப் போவது உங்களுக்குத் தெரிகிறதா?" என்பது சர்க்கரை நோய் மருத்துவர் கேட்க வேண்டிய நல்ல கேள்விகளில் ஒன்று; அதற்குக் கருவியும் வேண்டாம், காசும் வேண்டாம்.

மூளையும் தண்டுவடமும் சேர்ந்தது மைய நரம்பு மண்டலம். அங்கிருந்து கிளம்பித் தோல், தசை, உள்ளுறுப்பு என்று உடலெங்கும் பரவுபவை புற நரம்புகள். இவை பழுதாவதை மருந்துச் சீட்டில் 'பெரிஃபெரல் நியூரோபதி' என்று எழுதுவார்கள். நோயாளியின் வாயில் அந்தப் பெயர் வருவதில்லை. "கால் மதமதன்னு இருக்கு", "பஞ்சு மேல நடக்கிற மாதிரி இருக்கு", "ராத்திரியானா உள்ளங்கால் எரியுது", "சுருக்சுருக்குன்னு ஊசி குத்துது" என்பார்கள். இவை நான்கு தனித்தனி நோய்கள் என்று தோன்றும். நான்கும் ஒரே பழுதின் வேறு வேறு குரல்கள்.

நூற்றுக்கு இருபத்தாறு

இந்தப் பழுது எத்தனை பேருக்கு இருக்கும்? நெரவியை எடுத்துக்கொள்வோம். அது புதுச்சேரி ஒன்றியப் பகுதியின் காரைக்கால் மாவட்டத்தில் அரசலாற்றுக்குத் தெற்கே இருக்கும் ஒரு கொம்யூன் பஞ்சாயத்து. நிலத்தாலும் பேச்சாலும் அது தஞ்சை, நாகை டெல்டாவின் தொடர்ச்சி. நிர்வாகக் கணக்கில் மட்டும் புதுச்சேரி. அந்தப் புதுச்சேரிக் கணக்கு கவலை தருவது. 20 வயதுக்கு மேற்பட்ட 1,13,043 பேரை நாடு முழுவதும் சோதித்த, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) இண்டியாப் ஆய்வின் முடிவுகள் 2023இல் வெளியாயின. இந்தியா முழுமைக்கும் சர்க்கரை நோயாளிகள் நூற்றுக்கு 11.4 பேர். புதுச்சேரியில் 26.3 பேர். 26.4 உள்ள கோவாவுக்கு அடுத்து, நாட்டிலேயே இரண்டாம் இடம்.

சர்க்கரை நோய் உள்ள எல்லாருக்கும் நரம்பு பழுதாவதில்லை. 2008இல் வெளியான சென்னை ஆய்வொன்று, இரண்டாம் வகைச் சர்க்கரை நோயாளிகளில் 26.1 சதவீதம் பேருக்கு நரம்புப் பாதிப்பு இருப்பதைக் கண்டது. இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் குத்துமதிப்பாகக் கணக்குப் போட்டால், நூறு பெரியவர்கள் உள்ள தெருவில் ஆறேழு பேருக்குக் கால் மரத்துக்கொண்டிருக்கலாம். வயதும் நோய்க்காலமும் கூடக் கூட இது உயரும். அறுபது, எழுபது வயதுக்காரர்களை மட்டும் எடுத்தால் இன்னும் அதிகமாக இருக்கும். அவர்களில் பலர் இன்னும் யாரிடமும் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார்கள். வலி இருந்தால்தானே சொல்வார்கள்?

தூரத்தால் வரும் துன்பம்

நோய் இரத்தம் முழுவதிலும் இருக்கிறது. அது ஏன் பெருவிரல் நுனியில் தொடங்க வேண்டும்? காரைக்கால் பக்கத்து விவசாயிக்கு இதை விளக்குவது எளிது. மேட்டூர் அணையை ஜூன் 12இல் திறந்தாலும் காவிரியின் கடைமடைக்குத் தண்ணீர் வந்துசேர நாளாகும். ஆற்றில் நீர் குறைந்தால் முதலில் காய்வதும் கடைமடை வயல்தான். பாதம் நரம்பு மண்டலத்தின் கடைமடை.

பெருவிரலின் தொடு உணர்வைச் சுமக்கும் நரம்பணுவின் உடல் பாதத்தில் இல்லை. கீழ்முதுகில், முதுகெலும்பை ஒட்டிய நரம்பு முடிச்சில் இருக்கிறது. அதன் குறுக்களவு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டாது. ஆனால் அதிலிருந்து புறப்படும் 'ஆக்ஸான்' என்ற இழை தொடை, முழங்கால், கெண்டைக்கால் எல்லாம் கடந்து விரல் நுனிவரை ஏறத்தாழ 1 மீட்டர் ஓடுகிறது. இழையைப் பழுதுபார்க்கத் தேவையான புரதங்களில் பெரும்பாலானவை அணுவின் உடலில் தயாராகி, இழை வழியே கீழே அனுப்பப்பட வேண்டும். வேகமான சரக்கு ஒரு நாளைக்கு 400 மில்லிமீட்டர் வரை போகும்; இரண்டு மூன்று நாளில் விரலைத் தொட்டுவிடும். இழையின் கட்டுமானப் புரதங்களோ மெதுவாக நகர்பவை. நாளுக்கு ஒரு மில்லிமீட்டர் என்றால், முதுகிலிருந்து விரலுக்குப் போய்ச் சேர ஆயிரம் நாள் ஆகும்.

இரத்தத்தில் சர்க்கரை நெடுங்காலம் மிகுந்திருந்தால் நரம்புக்கு உணவூட்டும் நுண்ணிய இரத்தக் குழாய்களின் சுவர் தடிக்கிறது. நரம்பணுவின் ஆற்றல் உற்பத்தி தடுமாறுகிறது. இழையைச் சுற்றியுள்ள உறையும் கெடுகிறது. குட்டையான இழை ஓரளவு சமாளித்துக்கொள்ளும். நீளமான இழையால் முடியாது. அதனால் இரண்டு பாதங்களிலும் ஒரே சமயத்தில், விரல் நுனியில் தொடங்கி, காலுறை போடும் உயரத்துக்கு மரமரப்பு மெல்ல ஏறுகிறது. முழங்காலை நெருங்கும் காலத்தில் கைவிரல் நுனியிலும் தொடங்கும். கைவிரல் நுனிக்குப் போகும் இழையின் நீளம் முழங்கால் வரைக்குமான இழையின் நீளத்துக்கு ஏறத்தாழச் சமம் என்பதே காரணம். ஒரே காலில் மட்டும் மரத்தால், அல்லது ஒரு திட்டாக மட்டும் உணர்வு போனால், அது இந்த நோய் அல்ல; வேறு காரணம் தேட வேண்டும்.

நரம்புக் கட்டில் எல்லா இழைகளும் ஒரே வகையும் அல்ல. மெல்லிய இழைகள் சூட்டையும் வலியையும் சொல்பவை. தடித்த இழைகள் அதிர்வு, தொடுகை, மூட்டு எந்தக் கோணத்தில் இருக்கிறது என்ற சேதி ஆகியவற்றைச் சொல்பவை. பழுதான மெல்லிய இழை சும்மா இருப்பதில்லை. தூண்டுதல் எதுவும் இல்லாமலே தானாகச் சமிக்ஞை அனுப்பும். அதுதான் நள்ளிரவு எரிச்சல். ஆனால் அதே பாதத்தில் முள் குத்தினால் தெரியாது. எரிகிற காலும் மரத்த காலும் ஒரே காலாக இருக்க முடியும் என்பது நோயாளிக்கும் வீட்டாருக்கும் புரியாத புதிர். "எரியுதுன்னு சொல்றீங்க, ஆணி குத்தினது தெரியலையா?" என்று மருமகள் கேட்டால் மாமனாரிடம் பதில் இருக்காது. இரண்டுமே உண்மை.

வேலூரில் கிடைத்த விடை

வலி இல்லாத காலுக்கு என்ன ஆகிறது என்ற கேள்விக்கு உலகம் நம்பும் விடை தமிழ் மண்ணில் கிடைத்தது. சர்க்கரை நோயாளிகளிடமிருந்து அல்ல, தொழுநோயாளிகளிடமிருந்து.

பால் பிராண்ட் 1914இல் கொல்லிமலையில் பிறந்தவர். பெற்றோர் அங்கே பணியாற்றிய ஆங்கிலேய மிஷனரிகள். லண்டனில் மருத்துவம் படித்துவிட்டு 1946இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு அறுவை மருத்துவராக வந்தார். செங்கல்பட்டை அடுத்த தொழுநோய் மருத்துவமனையைச் சுற்றிப் பார்க்கத் தொழுநோய் மருத்துவர் ராபர்ட் காக்ரேன் அவரை அழைத்துப் போனார். அங்கே ஓர் இளைஞரின் மடங்கிப்போன விரல்களுக்குள் பிராண்ட் தன் கையைக் கொடுத்தார். பிடி இரும்பாக இறுகியது. தசை செத்துவிட்ட கை அவ்வளவு இறுக்கிப் பிடிக்காது. அப்படியானால் விரல்கள் ஏன் தேய்ந்து மறைகின்றன?

தொழுநோயில் சதை தானாக அழுகி விழுகிறது என்பதே அன்றைய நம்பிக்கை. மருத்துவர்களில் பலரும் அப்படித்தான் நினைத்தார்கள். பிராண்டும் அவரது குழுவினரும் ஒவ்வொரு புண்ணுக்கும் காரணம் தேடத் தொடங்கினார்கள். அடுப்பிலிருந்து வெறுங்கையால் எடுத்த பாத்திரம், மண்வெட்டிக் காம்பில் துருத்திய ஆணி, திறக்காத பூட்டில் முழு பலத்தோடு திருகிய சாவி என்று ஒவ்வொன்றாகக் கிடைத்தது. இரவில் விரல் காணாமல் போவது மட்டும் புரியவில்லை. இரவில் விழித்திருந்து பார்த்தபோது அதற்கும் விடை கிடைத்தது: தூங்குகிறவரின் விரலை எலி கடித்துத் தின்றது; அவருக்குத் தெரியவில்லை. அதன் பிறகு நோயாளிகள் வீடு திரும்பும்போது ஒரு பூனையையும் கூட அனுப்பினார்கள். சதையைத் தின்றது நோய்க்கிருமி அல்ல. வலி இல்லாத வாழ்க்கைதான்.

பாதத்தில் இது இன்னும் நுட்பமாக நடக்கிறது. நாம் நெடுந்தூரம் நடக்கும்போது ஒரே இடத்தில் அழுத்தம் விழுந்தால் அந்த இடம் லேசாக உறுத்தும். நமக்கே தெரியாமல் மிதிக்கும் விதத்தை மாற்றுவோம், விந்தி நடப்போம், உட்காருவோம். உறுத்தல் தெரியாதவர் அதே இடத்தை ஆயிரக்கணக்கான தடவை மிதிப்பார். 1966இல் அமெரிக்காவின் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குப் போன பிராண்ட், எலிகளின் பாதத்தில் மிதமான அழுத்தத்தைத் திரும்பத் திரும்பக் கொடுத்துப் பார்த்தார். ஒரு முறைக்கு ஒன்றும் செய்யாத அழுத்தம் ஆயிரக்கணக்கான முறை விழுந்ததும் தோலைச் சிவக்க வைத்து, வீங்க வைத்து, கடைசியில் பிளந்தது. அமெரிக்கச் சர்க்கரை நோயாளிகளின் பாதப் புண்ணும் இதே கதைதான் என்பதை அங்கே அவர் எடுத்துக்காட்டினார். புண்ணின் மேல் விழும் அழுத்தத்தைப் பகிர்ந்துவிடும் மாவுக்கட்டு இன்று உலகெங்கும் சர்க்கரைப் பாதப் புண்ணுக்கு உயர்ந்த சிகிச்சையாக இருக்கிறது; அதன் தொடக்கம் 1930களில் இலங்கையில் மில்ராய் பால் என்ற மருத்துவரும் இந்தியாவில் ஜோசப் கானும் தொழுநோயாளிகளுக்குப் போட்ட கட்டுகளில் இருக்கிறது. மருந்துக்கடைப் பக்கம் 'எம்.சி.ஆர். செருப்பு' என்று விற்கும் மெத்தென்ற நுண்ணறை ரப்பர் செருப்பும் வேலூரிலும் அதை அடுத்த கரிகிரியிலும் நடந்த தொழுநோய்ப் பணியில் வளர்ந்ததுதான்.

ஆக, கால் எரிகிறது என்று மருத்துவரிடம் ஓடுகிறவருக்கு ஒரு நன்மை உண்டு: அவர் ஓடுகிறார். எதுவும் தெரியாத கால் உள்ளவர் ஓடுவதில்லை. முறையிடாத பாதமே அதிக ஆபத்தில் இருக்கும் பாதம்.

அரிசியும் வைட்டமினும்

சர்க்கரை முதல் காரணம். ஒரே காரணம் அல்ல. டெல்டாக்காரர்களுக்கு இதில் பழைய கதை ஒன்று இருக்கிறது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாயாவில் பெரிபெரி என்ற நோய் தொழிலாளர்களை வாரிக்கொண்டு போனது. கால் மரத்து, நடை தளர்ந்து, இதயம் வீங்கிச் சாவார்கள். நன்கு தீட்டிய வெள்ளை அரிசி சாப்பிட்ட சீனத் தொழிலாளர்களை அது தாக்கியது. நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் போன தமிழர்கள் அதே வேலை, அதே வெயிலில் பெரும்பாலும் தப்பினார்கள். அங்கே மருத்துவராக இருந்த பிராடன் 1907இல் வெளியிட்ட நூலில் வேறுபாட்டைச் சுட்டினார்: தமிழர்கள் தின்றது புழுங்கல் அரிசி. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டில் உள்ள பி1 வைட்டமின் அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. பிறகு தீட்டினாலும் முழுதாகப் போவதில்லை. பெரிபெரி இன்று அரிது. ஆனால் நாள் தவறாமல் குடித்து, சோற்றைக் குறைத்துக்கொள்பவருக்கு அதே பி1 குறைந்து அதே நரம்பு பழுதாகிறது. சாராயமும் தன் பங்குக்கு நரம்பைக் கெடுக்கும். மலிவு மதுவுக்காக எல்லை தாண்டி ஆள் வரும் ஒரு மாவட்டத்தில் இதைச் சொல்லாமல் விட முடியாது.

முதியவர்களிடம் இன்று அதிகம் தவறவிடப்படுவது பி12. அது மீன், முட்டை, இறைச்சி, பால் ஆகியவற்றில்தான் உண்டு. கடற்கரையில் மீன் தின்று வளர்ந்தவருக்கும் குறையலாம். வயதானால் வயிற்றில் அமிலச் சுரப்பு குறைந்து, உணவிலிருந்து பி12 பிரிந்து வருவது மட்டுப்படுகிறது. சர்க்கரைக்கு எல்லாரும் விழுங்கும் மெட்ஃபார்மின் மாத்திரையும், நெஞ்செரிச்சலுக்கு ஆண்டுக்கணக்கில் சாப்பிடும் அமிலத் தடை மாத்திரையும் அதை இன்னும் குறைக்கும். மெட்ஃபார்மினை இதற்காக நிறுத்த வேண்டியதில்லை. இரத்தத்தில் பி12 அளவைப் பார்த்து, குறைந்திருந்தால் ஈடுகட்டினால் போதும். சர்க்கரையால் செத்த இழை அவ்வளவு எளிதில் திரும்புவதில்லை. பி12 குறைவால் வந்ததைச் சீக்கிரம் கண்டால் திருப்ப முடியும்.

இதற்காகக் கடையில் 'நரம்புச் சத்து மாத்திரை' வாங்கி ஆண்டுக்கணக்கில் விழுங்குவது தவறான முடிவு. அவற்றில் பலவற்றில் சேரும் பி6 வைட்டமின் மிகுந்தால் அதுவே உணர்வு நரம்பைக் கெடுக்கும். 1983இல் அமெரிக்க மருத்துவர்கள் இதை எழுதி வைத்தார்கள். தைராய்டு குறைவு, சிறுநீரகச் செயலிழப்பு, சில புற்றுநோய் மருந்துகள் ஆகியவையும் காரணமாகலாம். தொழுநோயையும் மறந்துவிடக் கூடாது. உலகில் ஆண்டுதோறும் புதிதாகக் கண்டறியப்படும் தொழுநோயாளிகளில் பாதிக்கு மேற்பட்டோர் இந்தியர்கள். தோலில் வெளிறிய, உணர்வற்ற திட்டு இருந்தால் சர்க்கரை மேல் பழிபோட்டுவிட்டுக் கடந்துவிடக் கூடாது. எவ்வளவு தேடினாலும் காரணம் பிடிபடாதவர்களும் கணிசமானோர் உண்டு.

இருட்டில் தடுமாறும் கால்

புண்ணுக்கு அடுத்த ஆபத்து விழுவது. நாம் நிமிர்ந்து நிற்பது மூன்று சேதிகளால்: கண் காட்டுவது, உள்காதின் சமநிலை உறுப்பு சொல்வது, பாதமும் கணுக்காலும் சொல்வது. ஒன்று போனால் மற்ற இரண்டும் தாங்கும். மூன்றாவது மங்கியவர் பகலில் நன்றாகவே நடப்பார். கண்ணை நம்பி நடக்கிறார் என்பது அவருக்கே தெரியாது. இரவில் கொல்லைப்புறக் கழிப்பறைக்குப் போகும்போதோ, குளிக்கையில் முகத்தில் சோப்பு போட்டுக் கண்ணை மூடும்போதோ தடுமாறுவார். ஜெர்மன் மருத்துவர் மோரிட்ஸ் ரோம்பர்க் 1840களில் இதைத்தான் சோதனையாக்கினார்: காலைச் சேர்த்து நின்று கண்ணை மூடச் சொன்னால் ஆடுகிறாரா? இதை வீட்டில் செய்து பார்ப்பதானால் பக்கத்தில் ஒருவர் பிடிக்கத் தயாராக நிற்க வேண்டும்.

கண்புரை முற்றிய முதியவருக்கு இதனால் இரட்டை நட்டம். கால் சேதி போயிருக்கும்போது கண் சேதியும் மங்குகிறது. புரையை அகற்றுவது பார்வைக்கு மட்டும் செய்யும் வைத்தியம் அல்ல, நடைக்கும் செய்வது. அதேபோல இரவு எரிச்சலுக்குத் தரும் பிரிகாபலின், அமிட்ரிப்டிலின் வகை மாத்திரைகள் வலியைக் குறைக்கும், நரம்பைச் சரிசெய்யாது, தூக்கத்தையும் தலைசுற்றலையும் தரும். அந்த மயக்கத்தில் நள்ளிரவில் எழுந்தால் ஆபத்து கூடுகிறது. சிலருக்கு இரத்த அழுத்தத்தைச் சீராக்கும் நரம்புகளும் பழுதாகியிருக்கும். படுத்தவர் சட்டென்று எழுந்தால் அழுத்தம் இறங்கிக் கண் இருட்டும். கட்டில் விளிம்பில் ஒரு நிமிடம் உட்கார்ந்துவிட்டு எழுவது அதற்குப் பாதி மருந்து.

கைத்தடிக்கு வருவோம். பெரும்பாலோர் அதைத் தளர்ச்சியின் கொடியாகப் பார்க்கிறார்கள், பிடித்துக்கொள்ள வெட்கப்படுகிறார்கள். தடி எடையைத் தாங்குவதற்கு மட்டும்தான் என்று நினைப்பதால் வரும் வெட்கம் அது. 1994இல் ஜெகா, லாக்னர் என்ற இரு ஆய்வாளர்கள் கண்டது வேறு. ஒருவர் விரல் நுனியால் ஒரு பரப்பைச் சும்மா தொட்டுக்கொண்டு நின்றாலே, எடையைத் தாங்கப் போதாத தொடுகையானாலும், உடல் ஆட்டம் கணிசமாகக் குறைந்தது. பிறகு நரம்புப் பாதிப்பு உள்ளவர்களிடமும் இதே பலன் காணப்பட்டது. தரை எங்கே, உடம்பு எந்தப் பக்கம் சாய்கிறது என்ற சேதியைப் பாதத்துக்குப் பதில் விரல் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. சுவரை லேசாகத் தடவிக்கொண்டு நடக்கும் பாட்டி, ஆய்வகம் சொல்லும் முன்பே அந்த வழியைக் கண்டுபிடித்தவர். தடி ஒரு புலனுறுப்பு.

வீட்டில் மாற்ற வேண்டியவை சில. கட்டிலிலிருந்து கழிப்பறை வரை இரவெல்லாம் எரியும் சிறு விளக்கு. கழிப்பறையில் கைப்பிடி, இந்திய முறைக் கழிப்பறையாக இருந்தால் எழுவதற்கு உறுதியான பிடி. ஐப்பசி, கார்த்திகை மழையில் பாசி பிடிக்கும் முற்றமும் கிணற்றடியும் அவ்வப்போது தேய்க்கப்பட வேண்டும். 2018 நவம்பரில் வந்த கஜா புயலுக்குப் பின் இந்தக் கடற்கரை இருட்டில் கிடந்ததை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். மின்சாரம் போனாலும் தலைமாட்டில் எட்டும் தூரத்தில் ஒரு டார்ச் இருக்க வேண்டும்.

நடையைக் குறைப்பது தீர்வாகாது. கால் மரத்தவர் அதிகம் நடந்தால் புண் வரும் என்று ஒரு காலத்தில் பயந்தார்கள். அமெரிக்காவின் மிசௌரியில் நடந்து 2008இல் வெளியான ஒப்பீட்டு ஆய்வில், பொருத்தமான காலணியும் கவனிப்பும் இருந்தபோது நடைப்பயிற்சி புண்ணைக் கூட்டவில்லை. சமநிலைப் பயிற்சிகள் முதியோர் விழுவதை ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு குறைக்கின்றன என்று நூற்றுக்கும் மேற்பட்ட ஆய்வுகளைத் தொகுத்து, 'காக்ரேன்' என்ற மருத்துவ ஆய்வுத் தொகுப்பு அமைப்பின் அறிக்கை 2019இல் சொன்னது. ஜன்னல் கம்பியைப் பிடித்துக் குதிகாலை உயர்த்தி இறக்குவது, நாற்காலியில் கையூன்றாமல் எழுந்து உட்காருவது, சுவரோரமாக ஒரு பாதத்தின் முன்னால் மறு பாதத்தை வைத்து நிற்பது போன்றவை போதும். ஆறாத புண் உள்ளவர் மட்டும் மருத்துவரைக் கேட்காமல் நடக்கக் கூடாது. பாதம் திடீரென வீங்கி, சிவந்து, சூடாகி, ஆனால் வலிக்காமல் இருந்தால் அது எலும்பு மூட்டே நொறுங்கத் தொடங்கும் 'சார்கோ பாதமாக' இருக்கலாம். அன்றைக்கே காலைத் தரையில் ஊன்றுவதை நிறுத்திவிட்டு மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

வெறுங்கால் ஊரில்

கயிலையைக் காலால் மிதிக்கக் கூடாது என்று தலையால் நடந்து ஏறியவர் காரைக்கால் அம்மையார். புனித இடத்தில் காலணி கூடாது என்ற மரியாதை அவ்வளவு ஆழமாக இருக்கும் ஊரில் "வெறுங்காலோடு எங்கும் போகாதீர்கள்" என்று சொன்னால் எடுபடாது. திருநள்ளாற்றுப் பிராகாரத்தின் மதிய வெயிலில் சுடும் கல்லை மற்றவர் தத்தித் தத்திக் கடப்பார். சூடு தெரியாதவர் நிதானமாக நடந்து கொப்புளத்தோடு வீடு திரும்புவார். அதிகாலையிலோ பொழுது சாய்ந்தோ போவது, தடித்த காலுறை போட்டுக்கொள்வது என்பவை மரியாதைக்கும் குறைவில்லாத வழிகள். ஆவணியில் வேளாங்கண்ணிக்கு வெறுங்காலோடு நடந்துபோகும் நேர்த்திக்கடனை மட்டும் உணர்வு போனவர் வேறு விதத்தில் செலுத்துவதே நல்லது. வீட்டுக்குள் தனியாக ஒரு ஜோடி செருப்பு இருக்கட்டும். பின்னால் பட்டை உள்ளதாக, விரலுக்கு இடம் உள்ளதாக இருந்தால் கழன்று போகாது. போடுமுன் உள்ளே கையை விட்டுப் பார்க்க வேண்டும். கல்லோ குண்டூசியோ உள்ளே கிடந்தாலும் கால் சொல்லாது.

வயலில் இறங்குகிறவருக்குச் சேற்றுப்புண். வரப்பில் நடப்பவருக்குப் பித்தவெடிப்பு. இரண்டும் கிருமி நுழையும் வாசல். கழுவியபின் விரலிடுக்கை ஈரமில்லாமல் துடைப்பதும், குதிகாலில் எண்ணெய் தடவுவதும், ஆனால் விரலிடுக்கில் தடவாமல் விடுவதும் பழக்கமாக வேண்டும். வெந்நீரைக் காலால் பதம் பார்க்கக் கூடாது, முழங்கையால் பார்க்கலாம். கால் ஆணியை பிளேடால் சீவக் கூடாது.

தினமும் ஒரு முறை பாதத்தைப் பார்ப்பதே இதில் முதன்மையானது. குனிய முடியாதவருக்குத் தரையில் ஒரு கண்ணாடி. பிள்ளைகள் பிரான்சிலோ வளைகுடாவிலோ இருக்க, தனியே வாழும் பெற்றோருக்குச் செல்போன் கேமரா. புறங்கையால் இரண்டு பாதங்களையும் தடவிப் பார்த்தால், ஓரிடம் மட்டும் சூடாக இருப்பது தெரியவரும். வெப்பமானி வைத்து அளந்த ஆய்வுகளில், இரண்டு பாதங்களின் அதே இடத்துக்கு இடையே 2.2 டிகிரி செல்சியஸுக்கு மேல் வித்தியாசம் இருப்பது புண் வரப்போவதன் முன்னறிவிப்பாக எடுத்துக்கொள்ளப்பட்டது.

மருத்துவர் 10 கிராம் அழுத்தம் தரும் நைலான் இழையாலும், 128 ஹெர்ட்ஸ் இசைக்கவையாலும் சோதிப்பார். வீட்டில் அதற்கு ஈடான எளிய சோதனை இங்கிலாந்தின் இப்ஸ்விச் நகரில் உருவானது. முதியவர் கண்ணை மூடிப் படுத்திருக்க, வீட்டில் ஒருவர் அவரது பெருவிரல், சுண்டுவிரல், நடுவிரல் நுனிகளை, இரண்டு காலிலுமாக ஆறு இடங்களில், விரலால் மெல்ல ஓரிரு நொடி தொட வேண்டும். தட்டவோ அழுத்தவோ கூடாது. தொட்டது தெரிந்தால் அவர் 'வலது' அல்லது 'இடது' என்று சொல்ல வேண்டும். ஆறில் இரண்டோ அதற்கு மேலோ தெரியாவிட்டால் பாதம் உணர்வை இழந்துகொண்டிருக்கிறது. பேரக்குழந்தையின் விரலே போதும்.

தேதி பார்த்துப் போவது

நம் மருத்துவப் பழக்கம் வலியை நம்பி எழுந்தது. வலித்தால் போவோம், வலி நின்றால் மாத்திரையை நிறுத்துவோம். நோயாளி முறையிட்டால் மருத்துவர் பார்ப்பார். காய்ச்சலுக்கும் பல்வலிக்கும் இந்த ஏற்பாடு சரி. மரத்த பாதத்துக்கு இது பொருந்தவே பொருந்தாது. முறையிட வேண்டிய உறுப்பே ஊமையாகிவிட்டது. சர்க்கரை மருத்துவரின் முன்னால் உட்காரும் முதியவரின் இரத்த அளவு மேசைமேல் இருக்கிறது, பாதம் மேசைக்கு அடியில் செருப்புக்குள் இருக்கிறது. "எவ்வளவு இருக்கு?" என்ற கேள்வியோடு சந்திப்பு முடிந்துவிடுகிறது. சர்க்கரையைக் கட்டுக்குள் வைப்பதன் பலனும் அளவோடுதான்: முதல் வகை நோயாளிகளில் தீவிரக் கட்டுப்பாடு நரம்புப் பாதிப்பைப் பெரிதும் குறைத்ததை 1993இல் வெளியான அமெரிக்க ஆய்வு காட்டியது, முதியவர்களுக்கு வரும் இரண்டாம் வகையில் பலன் அதைவிடக் குறைவு. எண் நன்றாக இருப்பது பாதம் நன்றாக இருப்பதற்கு உத்தரவாதம் அல்ல.

ஆகவே வலிக்காகக் காத்திராமல் தேதி பார்த்துப் போக வேண்டும். பன்னாட்டுச் சர்க்கரைப் பாத வழிகாட்டிகள் அதற்குக் கால அட்டவணையே தருகின்றன. உணர்வு சரியாக உள்ளவருக்கு ஆண்டுக்கு ஒரு முறை. உணர்வு குறைந்தவருக்கு ஆறு மாதம் முதல் ஓராண்டுக்குள். அதோடு பாத வடிவமும் மாறியவருக்கோ இரத்த ஓட்டமும் குறைந்தவருக்கோ மூன்று முதல் ஆறு மாதத்துக்குள். ஒரு முறை புண் வந்து ஆறியவருக்கு ஒன்று முதல் மூன்று மாதத்துக்குள். காரைக்கால் அரசு பொது மருத்துவமனையானாலும், தெருமுனை கிளினிக் ஆனாலும், சந்திப்பின் முதல் வேலையாகச் செருப்பையும் காலுறையையும் கழற்றிப் பாதத்தைக் காட்டும் உரிமை நோயாளிக்கு உண்டு; கேட்கும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. வீட்டுச் சோதனைக்கும் மறக்க முடியாத ஒரு தேதி வேண்டும். மாதாமாதம் ஓய்வூதியமோ உதவித்தொகையோ வரும் நாளை வைத்துக்கொள்ளலாம். அந்த நாளை எந்தப் பெரியவரும் மறப்பதில்லை.